பென்ஷனுக்கு அகவிலைப்படி: எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது முக்கியம்

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்குப் பணிக்கொடை, கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது) எல்லாம் ஒருமுறை கைக்கு வரும். பெண்ணின் கல்யாணம், வீட்டுக் கடன் என்று போய்விடும். அதன் பிறகு மாதாமாதம் வருவது பென்ஷன் மட்டும்தான். அறுபது வயதில் ஓய்வு பெறுகிறவர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அதை நம்பி இருக்கிறார். அவருக்குப் பிறகு மனைவியோ கணவரோ குடும்ப ஓய்வூதியத்தில் இன்னும் சில ஆண்டுகள் வாழ்கிறார்.

இத்தனை காலமும் அந்தத் தொகை ஒரே எண்ணாக நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 5 சதவீதம் விலை ஏறினாலே பதினான்கு, பதினைந்து ஆண்டுகளில் விலைவாசி இரண்டு மடங்காகிவிடும். வங்கியில் ஏறுவது அதே 20,000 ரூபாய்தான். ஆனால் அதை வைத்து வாங்க முடிவது பாதி. யாரும் ஆணை போட்டுக் குறைக்காமலே பென்ஷன் பாதியாகிப் போகும்.

இதைத் தடுப்பதற்காகத்தான் அகவிலைப்படி. பேச்சுவழக்கில் டி.ஏ. பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஒரே சதவீதம். இரண்டாம் உலகப் போரின் போது உணவுப் பொருட்களின் விலை ஏறியபோது சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட படியிலிருந்து வளர்ந்தது இது. பெரியவர்கள் சிலர் இன்றும் பஞ்சப்படி என்றே சொல்கிறார்கள்.

கணக்கு எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். எது நியாயம் என்ற விவாதம் அதன் பிறகுதான் பிடிபடும்.

மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் லேபர் பீரோ என்ற அலுவலகம் இருக்கிறது. நாடு முழுக்க 88 தொழில் மையங்களில் உள்ள 317 சந்தைகளில் சில்லறை விலைகளைச் சேகரித்து, தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணை மாதந்தோறும் வெளியிடுகிறது. இப்போதுள்ள வரிசையில் 2016ஆம் ஆண்டின் விலை 100. அரசு ஊழியர் சம்பளத்தைத் திருத்தியமைத்த ஏழாவது ஊதியக் குழுவின் சூத்திரமோ 2001ஐ 100 ஆக வைத்த பழைய வரிசையில் எழுதப்பட்டது. அதனால் புதிய எண்ணை 2.88ஆல் பெருக்கிப் பழைய வரிசைக்குக் கொண்டுவருகிறார்கள். கடைசி 12 மாதங்களின் சராசரியை எடுத்து, அதிலிருந்து 261.42ஐக் கழித்து, மீதியை அதே 261.42ஆல் வகுத்தால் சதவீதம் கிடைத்துவிடும். 261.42 என்பது புதிய ஊதிய விகிதம் தொடங்கிய 2016 ஜனவரிக்கு முந்தைய 12 மாதங்களின் சராசரி. பென்ஷன் அன்று நிர்ணயிக்கப்பட்டபோது இருந்த விலைமட்டம் அது.

ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு தவணை. 2025 ஜூலை தவணையைப் போட்டுப் பார்ப்போம். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான சராசரி சுமார் 143.6. அதை 2.88ஆல் பெருக்கினால் 413.57. 261.42ஐக் கழித்தால் 152.15. அதை 261.42ஆல் வகுத்தால் 58.2 சதவீதம். பின்னத்தை விட்டுவிடுவது வழக்கம் என்பதால் 58. மத்திய அரசின் அறிவிப்பில் வந்ததும் இதே 58தான். விட்டுவிட்ட பின்னத்துக்காக வருத்தப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் அடி எண்ணான 261.42இலிருந்து புதிதாகக் கணக்கிடுவதால், இந்தத் தவணையில் விட்டது அடுத்த தவணையில் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

இதை ஒரு பென்ஷன் சீட்டில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தமிழ்நாட்டில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை ஓய்வூதியம் 24,000. அதில் மூன்றில் ஒரு பங்கான 8,000ஐ கம்யூட்டேஷனாக முன்கூட்டியே மொத்தமாக வாங்கிவிட்டார், எனவே மாதந்தோறும் அது பிடிக்கப்படுகிறது. மீதி 16,000. அகவிலைப்படி 55 சதவீதம் என்றால் 13,200. இது 16,000க்கு அல்ல, முழு 24,000க்கும் கணக்கிடப்படுகிறது. கம்யூட்டேஷன் வாங்கியவருக்கு டி.ஏ. குறையும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், குறையாது. மருத்துவப்படி 300. எல்லாம் சேர்த்து 29,500. காப்பீட்டுப் பிடித்தம் போன்றவை தனி. அகவிலைப்படி 58 ஆனதும் 13,920. மொத்தம் 30,220. கூடுதலாகக் கிடைத்தது மாதம் 720 ரூபாய்.

'மூன்று சதவீத உயர்வு' என்று செய்தித்தாளில் படித்ததும், பென்ஷன் மூன்று சதவீதம் கூடிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மூன்று, 2016இல் நிர்ணயித்த அடிப்படைத் தொகையின் மேல் வரும் மூன்று. கம்யூட்டேஷன் பிடித்தத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பென்ஷனும் அகவிலைப்படியும் சேர்ந்த 155 பங்கு 158 பங்காகிறது. உண்மையில் உயர்வு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. விலையும் அந்த அளவுக்குத்தான் ஏறியிருக்கிறது என்பதால் கணக்கில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் 'அரசு ஊழியர்களுக்குத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டிக் கூட்டிக் கொடுக்கிறார்களே' என்று கோபப்படுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இதில் யாருக்கும் புதிதாக ஒரு ரூபாய் கிடைப்பதில்லை. முன்பு வாங்கிய அரிசியும் பருப்பும் இன்றும் வாங்க முடிகிறது, அவ்வளவுதான்.

ஆகவே தீபாவளிப் பரிசு, புத்தாண்டுப் பரிசு என்று தலைப்புப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழ்நாட்டில் 34 சதவீத அறிவிப்பு 2022 சுதந்திர தின உரையில் வந்தது. 38 சதவீதம் 2023 புத்தாண்டு அன்று வந்தது. நல்ல நாளில் நல்ல செய்தி சொல்வதில் குற்றம் இல்லை. ஆனால் பரிசு என்று பெயர் வைத்துவிட்டால் கொடுப்பதும் கொடுக்காததும் கொடுப்பவர் விருப்பம் என்றாகிவிடும். தாமதத்தைப் பற்றிக் கேட்கவே கூச்சம் வந்துவிடும்.

நியாயக்குறைவு என்று நான் முதலில் சொல்வது இந்தத் தாமதத்தைத்தான். சூத்திரத்திலேயே கொஞ்சம் பின்தங்கல் உண்டு. ஜூலை தவணைக்கு எடுக்கும் 12 மாத சராசரி, நடைமுறையில் அந்த ஆண்டு ஜனவரியை ஒட்டிய விலைமட்டத்தைத்தான் காட்டுகிறது. அதற்கு மேல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தருவது பெரும்பாலும் மார்ச்சிலும் அக்டோபரிலும். அதன் பிறகு, அதே சதவீதத்தை வழக்கமாகப் பின்பற்றும் மாநிலம் ஆணை போட வேண்டும். நிலுவைத் தொகை சேர்ந்து வந்துவிட்டால் இந்த மட்டும் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய இழப்பு, நிலுவையே இல்லை என்று சொல்லும்போதுதான் வருகிறது.

கொரோனா காலத்தில் அப்படித்தான் ஆனது. 2020 ஏப்ரலில் மத்திய அரசு 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைகளையும் நிறுத்தி வைத்தது. அகவிலைப்படி 17 சதவீதத்திலேயே நின்றது. 2021 ஜூலையில் மூன்று தவணைகளும் சேர்ந்து 28 ஆனது, அதே தேதியிட்டு 31 ஆகவும் உயர்ந்தது. இடைப்பட்ட 18 மாதங்களுக்கு நிலுவை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தமிழ்நாடு அரசும் நிறுத்தியது. இங்கே 31 சதவீதம் வந்தது 2022 ஜனவரியிலிருந்து. அதற்குப் பிறகும் மத்திய அரசு 2022 ஜனவரியிலிருந்து கொடுத்த 34ஐ இங்கே ஜூலையிலிருந்தும், ஜூலையிலிருந்து கொடுத்த 38ஐ 2023 ஜனவரியிலிருந்தும், 2023 ஜனவரியின் 42ஐ ஏப்ரலிலிருந்தும் கொடுத்தார்கள். 2023 ஜூலை தவணையில்தான் இரண்டும் ஒரே தேதிக்கு வந்தன.

நம் ஆசிரியையின் 24,000 ரூபாயை இதில் வைத்துக் கூட்டிப் பார்ப்போம். முதல் 18 மாதங்களில் முறையே 4, 7, 11 சதவீதம் ஆறாறு மாதங்களுக்குக் கிடைக்கவில்லை. அது 31,680 ரூபாய். 2021இன் பின்பாதியில் 14 சதவீதம் ஆறு மாதம், 20,160. அதற்குப் பின் வந்த மூன்று தாமதங்கள் சேர்ந்து 12,960. மொத்தம் 64,800. அடிப்படை ஓய்வூதியத்தில் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மாதத் தொகை.

இன்று அவருடைய சதவீதம் சரியான இடத்துக்கு வந்துவிட்டது என்பது உண்மை. அடி எண்ணிலிருந்து கணக்கிடும் முறையின் நல்ல பக்கம் அது, நிறுத்திய காலம் எதிர்காலத்தைத் தொடுவதில்லை. ஆனால் போன மாதங்கள் போனவைதான். அந்த மாதங்களிலேயே இறந்துபோனவர்களுக்கு, சதவீதம் பிறகு சரியானதால் எந்தப் பயனும் இல்லை. இளைஞர்களுக்குத் தள்ளிவைப்பதும் எண்பது வயதுக்காரருக்குத் தள்ளிவைப்பதும் ஒன்றாகாது.

அரசின் பக்கமும் நின்று பார்க்க வேண்டும். ஊரடங்கில் வரி வருவாய் சரிந்தது, மருத்துவமனைகளுக்குப் பணம் தேவைப்பட்டது. அந்த நேரத்தில் எதையாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அலுவலக உதவியாளராக ஓய்வு பெற்றவருக்கும் செயலாளராக ஓய்வு பெற்றவருக்கும் ஒரே அளவில் நிறுத்தியதை ஏற்க முடியவில்லை. படிப்படியாகச் செய்ய இந்த நாட்டிலேயே முன்மாதிரி இருந்தது. நான்காவது ஊதியக் குழுவின் காலத்தில், அடிப்படைச் சம்பளம் 3,500 ரூபாய் வரை விலையேற்றம் முழுவதும் ஈடுகட்டப்பட்டது. 3,501 முதல் 6,000 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 65 சதவீதம். ஐந்தாவது ஊதியக் குழுதான் 1996 ஜனவரி முதல் எல்லோருக்கும் 100 சதவீத ஈடு என்று மாற்றியது.

எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்பது நியாயமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 10,000 வாங்குபவருக்கு மூன்று சதவீதம் 300 ரூபாய், 60,000 வாங்குபவருக்கு 1,800. கேட்டதும் உறுத்தும். ஆனால் அந்த 60,000 சரியா தவறா என்பது ஊதிய நிர்ணயத்தின் போது கேட்க வேண்டிய கேள்வி. நிர்ணயித்த பிறகு அகவிலைப்படியின் வேலை அதைத் தேயாமல் காப்பது மட்டும்தான். மேலே இருப்பவருக்குக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தால், காலப்போக்கில் எல்லா பென்ஷனும் ஒரே உயரத்தை நோக்கி நெருங்கும். அதைத்தான் விரும்புகிறோம் என்றால் அதை நேராகச் சொல்லி, ஊதிய விகிதத்தில் செய்ய வேண்டும். சாதாரண ஆண்டுகளில் ஒரே சதவீதம், நெருக்கடி வந்து பிடித்தம் செய்தே ஆக வேண்டும் என்றால் மேலிருந்து கீழாகப் பிடித்தம். என் நிலைப்பாடு இதுதான்.

அமெரிக்காவில் வேறு விதமாகச் செய்கிறார்கள். அங்கே சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கான விலை உயர்வு 1975 முதல் தானாக நடக்கிறது. அக்டோபரில் குறியீட்டைப் பார்த்து சதவீதத்தை அறிவிக்கிறார்கள், ஜனவரியில் பணம் வந்துவிடுகிறது. யாரும் ஒப்புதலுக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் அந்த நாட்டின் மத்திய அரசில் ஓய்வு பெற்றவர்களில் பழைய திட்டத்தில் இருப்பவர்களுக்கு முழு உயர்வு, 1980களில் வந்த புதிய திட்டத்தில் இருப்பவர்களுக்கு விலையேற்றம் மூன்று சதவீதத்தைத் தாண்டினால் ஒரு புள்ளி குறைவு. 2023இல் முன்னவர்களுக்கு 8.7 சதவீதம், பின்னவர்களுக்கு 7.7. அந்த ஒரு புள்ளி பிறகு திரும்ப வருவதில்லை. நம் முறை அளவில் நேர்மையானது, அவர்கள் முறை நேரத்தில் நேர்மையானது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள நமக்கு எந்தத் தடையும் இல்லை. குறியீட்டு எண் வெளியான மறுமாதமே தானாக உயரும் என்று ஒரு விதி எழுதினால் போதும்.

இது உரிமையா, அரசின் கருணையா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் பதில் சொல்லிவிட்டது. ஓய்வூதியம் என்பது செய்த வேலைக்கான ஊதியத்தின் தள்ளிவைக்கப்பட்ட பகுதி. ஒரு தேதியைக் கோடாகப் போட்டு, அதற்கு முன் ஓய்வு பெற்றவர், பின் ஓய்வு பெற்றவர் என்று பிரித்துப் பலனை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்றும் சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் மாநிலங்கள் மத்திய அரசின் சதவீதத்தை அதே தேதியில் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, இது வழக்கம் மட்டுமே. மேற்கு வங்கத்தில் ஊழியர்கள் பல ஆண்டுகளாக நீதிமன்றத்தில் போராடியது இதற்காகத்தான். அங்கே நிலுவையில் 25 சதவீதத்தைக் கொடுக்கச் சொல்லி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

சரி, குறியீட்டு எண் யாருடைய செலவை அளக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அது தொழிற்சாலைத் தொழிலாளி குடும்பத்தின் செலவுக் கூடையை அளக்கிறது. அதில் உணவுக்கு 39.17 சதவீதம், வீட்டுக்கு 16.87, துணிமணி செருப்புக்கு 6.08. மருத்துவம் தனித் தலைப்பில்கூட இல்லை, 30.31 சதவீதம் உள்ள இதரச் செலவுகளில் கல்வி, போக்குவரத்தோடு சேர்ந்து கிடக்கிறது. எழுபத்தைந்து வயதில் ஒருவர் பள்ளிக் கட்டணம் கட்டுவதில்லை. சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, கண் அறுவை, துணைக்கு ஆள் என்றுதான் பணம் போகிறது. சொந்த வீட்டில் இருப்பவருக்கு வாடகை உயர்வு கூடையில் சேர்ந்திருப்பது கொஞ்சம் சாதகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இருந்தாலும் மருந்துச் செலவுக்கு அது ஈடாகாது. மருத்துவப்படியோ எந்தக் குறியீட்டோடும் இணைக்கப்படவில்லை. மத்திய ஓய்வூதியர்களுக்கான நிலையான மருத்துவப்படி 2017 ஜூலையில் 500இலிருந்து 1,000 ஆனது, விலை ஏற ஏறத் தானாக உயரும் ஏற்பாடு அதற்குக் கிடையாது. தமிழ்நாட்டில் 300 ரூபாய்க்கு இன்று எத்தனை நாள் மாத்திரை வாங்கலாம் என்பது மருந்துக்கடைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். முதியோர் செலவுக்கென்று ஒரு தனிக் குறியீடு வரும்வரை, குறைந்தபட்சம் இந்தப் படியையாவது அகவிலைப்படியோடு சேர்த்து உயர்த்தலாம்.

வயதுக்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 80 வயதானால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் முழுத் தொகை இன்னொரு மடங்கு. ஆறாவது ஊதியக் குழுவின் நல்ல யோசனை இது. ஆனால் 79 வரை ஒன்றும் இல்லாமல் திடீரென்று 20 என்பது கரடுமுரடான படிக்கட்டு. 65இல் 5, 70இல் 10, 75இல் 15 என்று முன்கூட்டியே தொடங்கலாம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. நடக்கவில்லை. குடும்ப ஓய்வூதியத்திலும் இதேபோல ஒரு சரிவு இருக்கிறது. கடைசிச் சம்பளத்தில் பாதியாக இருந்த பென்ஷன், கணவர் இறந்த பிறகு சம்பளத்தின் 30 சதவீதமாக இறங்குகிறது. வீட்டில் ஓர் ஆள் குறைந்தாலும் மின் கட்டணமும் வாடகையும் எரிவாயுவும் அந்த விகிதத்தில் குறைவதில்லை. அகவிலைப்படிச் சதவீதம் அதேதான், ஆனால் சின்னத் தொகையின் மேல்.

இனி, இந்த வளையத்துக்கு வெளியே இருப்பவர்கள். 2003 ஏப்ரல் முதல் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். மத்தியில் 2004 ஜனவரி முதல் சேர்ந்தவர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில். அவற்றில் விலைவாசியோடு உயரும் பென்ஷன் என்ற வாக்குறுதியே இருக்கவில்லை. பழைய திட்டத்தைக் கேட்டு நடந்த போராட்டங்களில் பலரும் சம்பளத்தில் பாதி என்ற எண்ணைத்தான் பேசினார்கள், எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்த உயர்வு. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் 25 ஆண்டு பணிக்குச் சம்பளத்தில் பாதி, அதோடு அகவிலைப்படி உயர்வும் உண்டு. முக்கியமான மாற்றம் அதுதான்.

அரசுப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர்களின் கதை இன்னும் கசப்பானது. தமிழ்நாட்டின் போக்குவரத்துக் கழக ஓய்வூதியர்களுக்கு, திட்டப்படி அகவிலைப்படி இருந்தும் பல ஆண்டுகள் உயர்வு தரப்படாமல் பழைய சதவீதத்திலேயே வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் நடந்த பேருந்து வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. தலைமைச் செயலகத்தில் ஓய்வு பெற்றவருக்கும் பணிமனையில் ஓய்வு பெற்றவருக்கும் கடையில் எண்ணெய் ஒரே விலைதான்.

இவர்களுக்கும் கீழே, அரசு வேலையே பார்க்காதவர்களின் முதியோர் உதவித்தொகை இருக்கிறது. அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இன் கடைசியிலேயே இருந்த தொகை அது. அப்போது பழைய வரிசையில் குறியீட்டு எண் 134, 2025 நடுவில் 417. அரசு ஊழியருக்குப் போடும் அதே கணக்கை இவர்களுக்கும் போட்டால் 200 ரூபாய் 620ஐத் தாண்டியிருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு தன் பங்கைச் சேர்த்து 1,000 ரூபாயாகக் கொடுத்துவந்து, 2023இல் 1,200 ஆக்கியது. அந்தத் தொகையும் எந்தக் குறியீட்டோடும் இணைக்கப்படவில்லை, அடுத்த உயர்வு எப்போது என்று யாராலும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. ஓய்வூதியர் சங்கங்கள் தங்கள் அகவிலைப்படிக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு மனுவிலும் இந்த 200 ரூபாயையும் அதே குறியீட்டோடு இணைக்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாம்.